இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது?

உடையார்கட்டுப் பக்கத்தில் நான் படிப்பிக்கும் பாடசாலையின் அலுவலகத்தில் ஒரு கணினி இருக்கிறது. பிள்ளைகளின் சேர்வு விபரம், தவணைப் பரீட்சைப் புள்ளிகள், நேரசூசி, ஆசிரியர்களின் லீவுக் கணக்கு எல்லாம் அதற்குள்தான். நான் மாற்றலாகி வந்த காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் இவற்றை ஒரு சிறிய ஹார்ட் டிஸ்க்கில் பிரதி செய்து, அதே மேசையின் லாச்சியில் வைத்துப் பூட்டுவது வழக்கமாக இருந்தது. அதைத்தான் ‘பெக்கப்’ என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆசிரியர் கூட்டமொன்றில் இந்தப் பேச்சை எடுத்தேன். மேசைக்குத் தீப்பிடித்தால் லாச்சி தப்புமா, கள்ளன் கணினியைத் தூக்கினால் பக்கத்திலிருக்கும் டிஸ்க்கை விட்டுவிட்டுப் போவானா என்று கேட்டேன். ஒரு பிரதியையாவது பாடசாலைக்கு வெளியே வைக்க வேண்டும் என்றேன். என்னிலும் மூத்த ஆசிரியர் ஒருவர் சிரித்தார்.

“சேர் பெரிய பாங்குக்காரர் மாதிரிக் கதைக்கிறார். எங்கட பள்ளிக்கூடத்துப் புள்ளியை ஆர் களவெடுக்கப் போறான்?”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது. கூட்டத்தில் சொல்லக்கூடிய அளவுக்கு அது சிறிய பதிலல்ல.

நான் இந்த முல்லைத்தீவு மாவட்டத்தில் பிறந்தவன். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. வாப்பா எழுத்து வாசனை உள்ளவர், எதையும் பத்திரமாக வைப்பவர். காணி உறுதியைப் போட்டோக் கொப்பி எடுத்து, உறுதியையும் கொப்பியையும் ஒரே பொலித்தீன் உறையில் சுற்றி ட்ரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். நாங்கள் வெளிக்கிட்டபோது பெட்டி வீட்டோடு நின்றுவிட்டது. புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டு அவர் பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன்: “கொப்பி எடுத்து வெச்சேன் மகன், கொப்பி எடுத்துத்தானே வெச்சேன்.”

கொப்பி எடுத்தார், உண்மைதான். ஆனால் அதை மூலத்துக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஊரே ஒரு நாளில் இல்லாமற் போகும் என்று நினைத்து எந்த மனிதன் பெட்டி அடுக்குவான்?

கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு சட்டம். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டத்தின்படி உறுதி முடிக்கும் நொத்தாரிசு மூன்று படிகள் வைக்க வேண்டும். மூல உறுதி உரிமையாளரின் கைக்குப் போகிறது. ஒரு படி நொத்தாரிசின் கோவையில் கிடக்கிறது. இரட்டைப் பிரதியை அவர் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். மூன்று இடம், மூன்று பொறுப்பாளர்கள். எங்கள் உறுதியின் பதிவகப் பிரதி பல வருடங்களுக்குப் பிறகு அகப்பட்டது. வாப்பா அதைக் கண்ணால் கண்டுவிட்டுத்தான் மௌத்தானார்.

இன்று கணினித் துறையில் ‘மூன்று-இரண்டு-ஒன்று’ என்றொரு விதி சொல்வார்கள். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய விதி அது. மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறிடத்தில் இருக்க வேண்டும். முதன்முதலாக இதை வாசித்தபோது நொத்தாரிசின் மூன்று படிகள்தான் நினைவுக்கு வந்தன. அதற்கும் முந்திய ஒன்று நம் எல்லோருக்கும் தெரியும். குர்ஆன் மனிதர்களின் நெஞ்சிலும் ஏட்டிலுமாக இரு வகையில் காக்கப்பட்டது. உஸ்மான் (ரழி) அவர்கள் காலத்தில் அதன் பிரதிகள் கூபா, பஸரா, ஷாம் என்று தூர நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. மதீனாவில் மாத்திரம் வைத்துக் கொண்டால் போதும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஜூன் தொடக்கத்தில் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறு ஊர்களில் பிரதி இருந்த நூல்களைப் பின்னர் தேடி வாங்க முடிந்தது. வேறெங்கும் படியில்லாத ஏட்டுச் சுவடிகள் போனது போனதுதான். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் இன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. நம்மவர் வெளியிட்ட எத்தனையோ சிறு சஞ்சிகைகளை இப்போது அங்கேதான் தேடிப் படிக்கிறோம். அவற்றை அச்சிட்டவர்களின் வீடுகளில் அந்த இதழ்கள் இல்லை.

வேறிடம் என்றால் எவ்வளவு தூரம்? இந்தக் கேள்விக்கு விடை உடையார்கட்டிலேயே இருக்கிறது. நான் அந்தக் காலத்தில் இங்கே இருக்கவில்லை. என்னோடு படிப்பிக்கும் மிஸ் ஒருவர் சொல்லித்தான் தெரியும். 2008இன் கடைசியில் கிளிநொச்சியிலிருந்து சனம் கிழக்கே நகர்ந்தபோது, அவர் அப்போது படிப்பித்த பாடசாலையின் சேர்விடாப்புகளையும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களையும் ட்ரக்டர் பெட்டியில் ஏற்றினார்களாம். முதலில் தர்மபுரம், பிறகு விசுவமடு, பிறகு உடையார்கட்டு. ஒவ்வொரு இடத்திலும் இனிப் பயமில்லை என்று இறக்கியிருக்கிறார்கள். 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போனது. அந்த மாதம் 21ஆம் திகதி உடையார்கட்டையும் சுதந்திரபுரத்தையும் உள்ளடக்கி ஒரு பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. இங்கிருந்த பாடசாலைக் கட்டடம் தற்காலிக ஆஸ்பத்திரியாக இருந்தது. அறிவித்த வலயத்துக்குள்ளேயே ஷெல் விழுந்தது. ஆஸ்பத்திரியும் தப்பவில்லை. காயப்பட்ட பிள்ளையைத் தூக்குவதா, இடாப்பைத் தூக்குவதா? புத்தகங்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

“வேற இடம், வேற இடம் எண்டுதான் சேர் கொண்டு வந்தம். எல்லாம் ஒரே றோட்டுத்தானே” என்றார் மிஸ்.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியைத்தான் அவர் சொன்னார். அவர் சொன்னதற்குப் பிறகு தூரத்தைக் கட்டைக் கணக்கில் அளப்பதை விட்டுவிட்டேன். இங்கே வரும் ஆபத்து அங்கேயும் போகுமா என்றுதான் பார்க்க வேண்டும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்ட நாட்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டங்களுமே வெள்ளத்தில் கிடந்தன. ஒன்றின் பிரதியை மற்றதில் வைத்திருந்தால் அன்றைக்கு இரண்டுக்கும் ஒரே கதிதான்.

அந்த இடாப்புகளில் பெயர் இருந்த பிள்ளைகள் இன்று முப்பதைத் தாண்டியவர்கள். சாதாரண தரப் பெறுபேறு தொலைந்தவர் பத்தரமுல்லையில் உள்ள பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து எடுத்துக்கொள்கிறார். அது ஏற்கனவே வேறிடத்தில் இருந்தது. விடுகைப் பத்திரம் தேவைப்படுபவர் பாடசாலைக்கு வருகிறார். அதற்கு ஆதாரமான இடாப்பு பாடசாலையில் மாத்திரமே இருந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவர் வேலை ஒன்றுக்காக வந்து, தான் படித்ததற்கு ஒரு துண்டும் இல்லை என்று அறிந்து, வெறுங்கையோடு சைக்கிளில் ஏறிப் போனதைக் கண்டிருக்கிறேன். மூத்த ஆசிரியர் கேட்டாரே, புள்ளியை யார் களவெடுப்பான் என்று. யாரும் களவெடுக்கத் தேவையில்லை.

கணினி வந்துவிட்டதால் இந்தக் கவலை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. 2023 ஓகஸ்ட் 26இல் நமது அரச மின்னஞ்சல்களைத் தாங்கிய லங்கா கவர்மென்ட் கிளவுட் மீது கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. பிரதிகள் இருந்தன. ஆனால் அவையும் அதே இணைப்பிலேயே இருந்ததால் வைரஸ் அவற்றையும் பூட்டிவிட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்களுக்கு இணைப்பிலிருந்து விலக்கி வைத்த பிரதி எதுவும் இருக்கவில்லை. அதற்கு வயர்தான் பரந்தன் றோட்டு.

வசதி படைத்த நாடும் விதிவிலக்கல்ல. தென்கொரியாவில் தேஜோன் நகர அரச தரவு நிலையத்தில் 2025 செப்டெம்பர் 26இல் பற்றரியிலிருந்து தீ பரவியது. அரச ஊழியர்கள் தங்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் 858 டெராபைட் தரவுகளோடு அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியில் பிரதி வைக்கவில்லை என்று சொன்னார்கள். எங்கள் பாடசாலையின் முழுத் தரவும் ஒரு பென்ட்ரைவுக்குள் அடங்கும். அந்தச் சாட்டுக்கூட எங்களுக்கு இல்லை.

அதிபர் கேட்டது வேறொரு கேள்வி. “பிள்ளையளின்ர பேர், விலாசம், தாய் தகப்பன்ர விபரம் எல்லாம் வெளிய போறது சரியோ சேர்?” இந்த மண்ணில் அது வெறும் பயமல்ல. பெயர்ப்பட்டியல் ஒன்று தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று எல்லாத் தரப்பாரும் அனுபவித்திருக்கிறார்கள். சொந்தப் படங்களையும் அடையாளத் துண்டுகளையும் தாங்களே எரித்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆகவே வலயத்தின் எழுத்துமூல அனுமதி பெற்றோம். வெளியே போகும் பிரதியைக் கடவுச்சொல்லின்றித் திறக்க முடியாதபடி பூட்டினோம். கடவுச்சொல் இருவருக்குத் தெரியும். உறையிலிட்டு ஒட்டிய ஒரு துண்டு வலய அலுவலகப் பெட்டகத்தில் இருக்கிறது.

இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் மாறி மாறிப் போய் வருகின்றன. ஒன்று பாடசாலையில் இருக்கும்போது மற்றது எந்த வயரும் தொடாமல் வலய அலுவலகத்தில் இருக்கும். மூன்றாவது பிரதி இணையவழியாக, இந்த மாவட்டத்து மழையும் தீயும் எட்டாத சேமிப்பகம் ஒன்றுக்குப் போகிறது.

தூரப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதில் ஒரு நன்மை விளைந்தது. வலய அலுவலகத்தில் திறந்தபோது பழைய வகுப்புப் பட்டியல்களில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக ஏதோ மந்திரம் போலக் கிடந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் அவை. அந்தக் கணினியில் பாமினி இல்லை. பிரதி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தும் வாசிக்க ஆளில்லாத சுவடி போலாகிவிட்டது. அன்றே எழுத்துருவையும் டிஸ்க்கில் சேர்த்தோம். பிறகு பட்டியல்களை யுனிகோட்டுக்கு மாற்றும் வேலையைத் தொடங்கினோம்.

மாற்றிய பெயர்களை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டது. முன்வந்தவர் கூட்டத்தில் சிரித்த அந்த மூத்த ஆசிரியர்தான். பாடசாலை விட்ட பிறகும் இருந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு பெயராக உரத்து வாசிக்கிறார். எங்காவது ஒரு கொம்போ காலோ விடுபட்டிருந்தால் நிறுத்தி, “இது ஆற்ற பிள்ளை?” என்று கேட்கிறார். ஆறாம் வகுப்பு வரைக்கும் முடித்துவிட்டோம்.