வில் வாங்கப் போவோமா?

சீதாப் பிராட்டி மானைக் கேட்டாள். ராமன் வில்லை எடுத்தான். அந்த வில் கடையில் வாங்கியதல்ல, அகஸ்திய முனிவர் கொடுத்தது. அமெரிக்காவில் மிச்சிகன் ராஜ்யத்துக் குடும்பஸ்தனுக்கு அப்படிக் கொடுக்க அகஸ்தியர் கிடையாது. கடைக்குப் போய் டாலரை எண்ணிக் கொடுத்தாக வேண்டும். வீட்டு வாடகையும் பள்ளிச் செலவும் போக மிஞ்சியதில் முதல் வில்லை எப்படி வாங்குகிறார்கள்? பார்த்து வரலாம், வாருங்கள்!

டெட்ராய்ட் நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 200 மைல் போனால் கிரேலிங் என்ற சிற்றூர் வரும். ஆ ஸாபிள் நதி ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்துப் பைன் மரங்களை வெட்டி மொட்டையடித்துவிட்டார்கள். கோடரிக்குத் தப்பிய 49 ஏக்கர் முதுகாட்டை ஊருக்கு அருகே ஹார்ட்விக் பைன்ஸ் பூங்காவில் இன்றும் காணலாம். அக்டோபர் மாதத்தில் மேப்பிள் இலைகள் குங்குமம் கொட்டியது போல் சிவந்து நிற்கும். அந்த மாதம் முதல் தேதிதான் வில் வேட்டை தொடங்கும் நாள். துப்பாக்கிக்காரர்கள் நவம்பர் 15 வரை காத்திருக்க வேண்டும்.

"ஐயோ, சாதுவான மானைக் கொல்வதா?" என்று கேட்பீர்கள். நம் நாட்டில் அது சட்டப்படி குற்றம். அங்கே நிலைமை வேறு. 1900-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கா முழுவதும் சில லட்சமாகக் குறைந்துவிட்ட வெள்ளைவால் மான், இன்று சுமார் மூன்று கோடியாகப் பெருகியிருக்கிறது. அதைத் தின்னும் ஓநாயும் சிங்கப் பூனையும் பல இடங்களில் இல்லை. ஆகவே சர்க்கார் லைசென்ஸ் கொடுத்து வேட்டையாட விடுகிறது. ஒரு மானின் இறைச்சி குளிர்காலத்துக்குப் பல நாள் வீட்டுச் சமையலுக்கு ஆகும்.

கிரேலிங்கை வில்லாளிகள் மறக்கமாட்டார்கள். 1933-ல் டெட்ராய்டில் தொழில் தொடங்கிய பிரெட் பேர் என்பவர், 1947-ல் தம் வில் தொழிற்சாலையை இங்கேதான் கொண்டுவந்தார். 1978-ல் அது புளோரிடாவுக்குப் போய்விட்டது. அவர் காலத்து வில் வளைந்த மரமும் நாணுமாக இருந்தது. இன்று கடைகளில் தொங்குவதோ காம்பவுண்டு வில். மிஸௌரி ராஜ்யத்து ஹாலஸ் வில்பர் ஆலன் 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் உரிமை பெற்ற கண்டுபிடிப்பு இது. வில்லின் இரு நுனியிலும் சக்கரங்கள் உண்டு. பாதி இழுக்கும் வரை பாரம் தெரியும். முழுக்க இழுத்ததும் சட்டென்று லேசாகிவிடும். 50 ராத்தல் வில்லில் 80 சதவிகிதம் குறைந்தால், கையில் நிற்பது 10 ராத்தல்தான். நிதானமாகக் குறி பார்க்கலாம் அல்லவா?

இனி கடைக்குள் போவோம். சுவரில் வரிசையாக வில்கள். பின்புறம் 20 கஜ தூரத்தில் எய்து பார்க்க ஓர் இலக்கு. உயர்ந்த ரகத்தின் விலைச் சீட்டைப் பார்த்தால் தலை சுற்றும். வெறும் வில்லே 1,200 டாலருக்கு மேல்! பயப்பட வேண்டாம். நல்ல கடைக்காரர் விலையைப் பேசுமுன் அளவு நாடாவை எடுப்பார்.

ரவிக்கைக்கு அளவு கொடுப்பது போலத்தான் இதுவும். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை அளக்கிறார்கள். அந்த அங்குலத்தை இரண்டரையால் வகுத்தால் உங்கள் இழுப்பு நீளம் ஏறக்குறையக் கிடைக்கும். 65 அங்குலம் இருந்தால் 26. நீளம் பொருந்தாத வில், விலை ஆயிரமானாலும் குறி தப்பும். அடுத்தது கண். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கும் இடக்கண் ஓங்கியிருக்கலாம். அதைச் சோதித்த பிறகே வலக்கை வில்லா, இடக்கை வில்லா என்று முடிவு செய்வார்கள்.

பாரம் எவ்வளவு? பக்கத்து விஸ்கான்ஸினில் மானுக்குக் குறைந்தது 30 ராத்தல் வேண்டும் என்பது சட்டம். 40 ராத்தல் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். உட்கார்ந்தபடியே, வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல் இழுக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் பாரம் அதிகம் என்று அர்த்தம்.

சிக்கனக்காரர்களுக்கென்று மாற்றியமைக்கும் வில்கள் வந்திருக்கின்றன. பேர் கம்பெனியின் 'க்ரூஸர் ஜி2' 5 முதல் 70 ராத்தல் வரை, 12 முதல் 30 அங்குலம் வரை திருகி மாற்றக்கூடியது. அம்மா பழகிய வில்லை மகனும் எடுக்கலாம். குறி பார்க்கும் கருவி, அம்பறாத்தூணி முதலியவற்றோடு சேர்ந்த இத்தகைய வில் 400 டாலர் சுமாருக்குக் கிடைக்கும். ஆனால் அம்பும், கூரிய முனைகளும், நாணை விடும் விசையும் பெரும்பாலும் தனிக் கணக்கு. அவற்றுக்கு இன்னும் 150 டாலராவது ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் பேரம் பேச வேண்டும்.

பழைய வில் மலிவாகக் கிடைக்குமே என்றால், கிடைக்கும். ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து வில்லின் கைகளின் மேல் மெல்லத் தேயுங்கள். பஞ்சு இழை சிக்கினால் அங்கே விரிசல். நாண் பஞ்சாய்ப் பறந்திருந்தால் புதிது மாற்ற 100 டாலர் அளவில் ஆகும். அதையும் விலையில் கூட்டிப் பாருங்கள். ஒரு விஷயம் மிகவும் ஜாக்கிரதை: அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விட்டுவிடக் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய சக்தியெல்லாம் வில்லிலேயே பாய்ந்து, அது உடைந்து கையையும் காயப்படுத்தும்.

சிக்கனம் செய்யக்கூடாத இடங்களும் உண்டு. வேட்டைக்காரர் பலர் மரத்தில் பரண் கட்டி உட்காருகிறார்கள். துப்பாக்கியையோ அம்பையோ விட, பரணிலிருந்து விழுவதுதான் பெரிய அபாயம். உடம்பை மரத்தோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையைப் புதிதாகவே வாங்க வேண்டும். இரண்டாவது, அம்பு முனையின் கூர்மை. மூன்றாவது, காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காத பயிற்சி.

ஏன் இவ்வளவு வற்புறுத்தல்? அம்பு ஒலியைவிட மெதுவாகப் போவது. நாணின் ஓசை கேட்டு மான் உடம்பைத் தாழ்த்தித் துள்ளிவிடும். நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் பட்டால் அந்தப் பிராணி காட்டுக்குள் ஓடிப் பல மணி நேரம் துடிக்கும். கூரிய அம்பு முன்னங்காலுக்குப் பின்னே நுரையீரலில் பாய்ந்தால் வேதனை சீக்கிரம் அடங்கும். ஆகையால் பழகாதவர்கள் 20 கஜத்துக்கு மேல் எய்வதில்லை. மான் பக்கவாட்டில் நிற்காவிட்டால் நாணைத் தொடுவதுமில்லை. 1,200 டாலர் வில் இந்தப் பொறுமையைக் கொடுத்துவிடாது. 400 டாலர் வில்லோடு கோடை முழுவதும் மாலை வேளைகளில் எய்து பழகியவருக்கு அது வரும்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1937-ல் துப்பாக்கிகளுக்கு வரி போட்டு, அந்தப் பணத்தை வனவிலங்குகளுக்கே செலவிட அமெரிக்காவில் சட்டம் செய்தார்கள். 1972-ல் வில்லும் அம்பும் அதில் சேர்ந்தன. புது வில்லுக்கு 11 சதவிகிதம் வரி. மான் உலாவும் காட்டைக் காக்கவும், வேட்டைக்காரருக்குப் பாடம் சொல்லித்தரவும் அது உதவுகிறது.

இவ்வளவும் செய்த பிறகு மான் வருமா? பல நாள் வராது. குளிரில் பரண்மேல் நடுங்கிவிட்டு, வில்லைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு வீடு திரும்புவார்கள். அன்று இரவு சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு சூப்தான். அதற்கும் சேர்த்து அந்த வீட்டு அம்மாள் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்பாள்!