படை வழியே விமானியாகலாமா?

ஒரு தொழிலைத் தேர்வதும் அத்தொழிலுக்குச் செல்லும் வழியைத் தேர்வதும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். வழி குறுகியதாயின் அவ்வாறு எண்ணுவதிற் பெரிய தீங்கில்லை. ஆனால், வாலிபத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும் வழியாயின், அதனையும் ஒரு தொழிலாகவே கொண்டு சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர் ஒருவர் அமெரிக்காவிற் குடியேறி, அந்நாட்டுப் பிரஜையாகிப் பல ஆண்டுகளாகின்றன. அவருடைய மூத்த மகனுக்கு வயது பதினேழு. பிரயாணிகள் விமானத்தைச் செலுத்த வேண்டுமென்பதே அப்பிள்ளையின் ஆசை. "மாமா, விமானப் படையிற் சேர்ந்து பழகினால் அப்பாவுக்கு ஒரு சதமும் செலவில்லை. பத்து வருடம் முடிந்ததும் விலகிவந்து கொம்பனி விமானம் ஓட்டலாம். அப்பா ஓம் என்கிறாரில்லை. நீங்கள் சொன்னாற் கேட்பார்" என்று அண்மையில் எமக்கு எழுதியிருந்தான்.

பிள்ளையின் கணக்கு ஆதாரமற்றதன்று. அந்நாட்டிற் சொந்தச் செலவில் விமானியாகப் பயில்வதற்கு ஓர் இலட்சம் டொலர் அளவிற் பணம் வேண்டும். பயின்ற உடனே பெரிய விமானத்தில் ஏறிவிடவும் முடியாது. 2009ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் பஃபலோ நகருக்கு அருகே ஒரு பிரயாணிகள் விமானம் வீழ்ந்து ஐம்பது பேர் மாண்டனர். அதன் பின்னர் சட்டம் இறுக்கப்பட்டது. 2013 முதல், துணை விமானியும் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்தவராயிருத்தல் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட விமானவியற் பட்டப்படிப்பை முடித்தோருக்கு அது 1,000 மணி; படையிற் பயின்ற விமானிகளுக்கு 750 மணி. ஏனையோரிற் பலர், சிறு விமானங்களிற் பிறருக்குக் கற்பித்தே அம்மணிகளைச் சிறுகச் சிறுகச் சேர்க்கின்றனர்.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். அமெரிக்க விமானப் படையில் விமானியாவதற்கு முதலிற் பட்டம் பெற்று அதிகாரியாதல் வேண்டும். பத்தாண்டுக் கடப்பாடு சேர்ந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை; விமானிப் பயிற்சி நிறைவேறிய நாளிலிருந்தே எண்ணப்படும். ஆகவே, இருபத்திரண்டு வயதிற் பட்டம் பெறுபவன் விலகும்போது முப்பத்து நான்கை அண்மியிருப்பான். விமானக் கொம்பனிகளிலோ, செல்லும் வழித்தடம், விடுமுறை, தலைமை விமானிப் பதவி முதலியன பெரிதும் சேர்ந்த தேதியின் மூப்பைப் பற்றியே அமைகின்றன. அறுபத்தைந்து வயதிற் கட்டாய ஓய்வும் உண்டு. முன்னே சேர்ந்த இளைஞன் வரிசையில் முன்னே நிற்பான். அன்றியும், எவ்வகை விமானத்திற்கு எவரை அனுப்புவதென்பதைப் படையே தீர்மானிக்கும். நிலத்தில் இருந்தவாறு ஆளில்லா விமானத்தை இயக்கும் பணியும் ஒருவனுக்குக் கிடைக்கலாம்.

எவ்வழியால் வந்தவர் சிறந்த விமானி என்ற வினாவுக்கு 2009ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி நியூயோர்க்கில் நிகழ்ந்த சம்பவம் விடை பகரும். பறவைகள் மோதி இரு இயந்திரங்களும் செயலிழந்த விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி, அதிலிருந்த 155 பேரையும் காத்த தலைமை விமானி செஸ்லி சலன்பேகர், விமானப் படையிற் போர் விமானம் ஓட்டி 1980இல் விலகியவர். அருகில் அமர்ந்திருந்த துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்சோ, விமானிகளான பெற்றோருக்குப் பிறந்து, பதின்ம வயதிலேயே பறக்கத் தொடங்கியவர். அவ்விருவரின் அமைதியும் ஒற்றுமையுமே அன்று உயிர்களைக் காத்தன.

ஆயினும், எமது நண்பரின் தயக்கம் இக்கணக்குகளாற் பிறந்ததன்று என்பதை நாம் அறிவோம். 1990களின் முற்பகுதியில் நாம் இருவரும் யாழ்ப்பாணத்திற் பள்ளிச் சிறுவர். வானில் இரைச்சல் கேட்டதும் புத்தகங்களைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடுவோம். இரைச்சலைக் கொண்டே வருவது எவ்வகை விமானம் எனச் சொல்லவும் பழகியிருந்தோம். மேலே இருந்தவனின் முகத்தை நாம் கண்டதில்லை. எமது முகத்தை அவனும் கண்டதில்லை. அவனும் தன் தவணை முடிவதற்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவனோ, பின்னாளிற் பிரயாணிகளை ஏற்றிச் செல்லக் கனவு கண்டவனோ, யாரறிவார்? அக்கனவு கீழே குழிக்குள் இருந்த எமக்கு எவ்வித உதவியும் செய்யவில்லை.

படைச் சேவையை இழிந்ததென நாம் கூறவில்லை. தம் நாட்டைக் காப்பது தமது கடன் என்று உளமார நம்பிச் செல்வோர் எந்நாட்டிலும் உளர். அவர்கள் ஏற்கும் அபாயமும் சிறிதன்று. ஆனால், சம்பளத்தோடு பயிற்சி தரும் பள்ளிக்கூடம் எனப் படையைக் கருதிச் செல்பவன், கட்டணம் எதனாற் செலுத்தப்படுகிறதென்பதை அறிந்து செல்லவேண்டும். எவ்விடத்தில், எவர்மீது, எதனை வீசுவதென்பதை அப்பத்தாண்டும் பிறரே சொல்வர்.

ஆதலால், அப்பிள்ளைக்கு ஒரு கேள்வியையே நாம் அனுப்பினோம்: "தம்பி, பிரயாணிகள் விமானம் என்பதே உலகில் இல்லையென்று வைத்துக்கொள். அப்போதும் இப்படையிற் சேர்வாயா?" ஆம் என்று அவன் மனம் சொல்லுமாயின் தடுக்க நாம் யார்? இல்லையென்று சொல்லுமாயின், கடன்பட்டேனும் மற்ற வழியிற் செல்லட்டும். டொலர்க் கடனுக்கு எல்லை உண்டு, உழைத்துத் தீர்க்கலாம்.

தந்தைக்கும் ஒரு வார்த்தை எழுதினோம். பதுங்குகுழியின் கதையை மகனிடம் முழுவதும் சொல்லுமாறும், சொல்லி முடித்தபின் முடிவை அவனிடமே விடுமாறும் கேட்டோம். காரணம் கூறாத மறுப்பைப் பிள்ளைகள் பிடிவாதம் என்றே கொள்வர். காரணம் தெரிந்த பிள்ளை, எந்த விமானத்தில் ஏறினாலும் கீழே மனிதர் உளர் என்பதை மறவான்.