கோட்டா என்றொரு பாட்டு

ராக் இசையில் தன்னை நொந்துகொள்ளும் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. ரேடியோஹெட்டின் ‘க்ரீப்’ (1992) எங்கள் ஹாஸ்டலில் ராத்திரிதோறும் ஓடும். எனக்கும் உயிர். ஆனால் என்னை நிமிர வைத்தது வேறொரு பாட்டு.

2018 ஜனவரியில், சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்த்த குழு. பெயருக்கு மூலம் அயோத்திதாசர். எலெக்ட்ரிக் கிடாரோடு பறையும் சட்டியும் மோதும். இட ஒதுக்கீடு பற்றி அவர்கள் பாடியதுதான் ‘கோட்டா’.

நான் விருத்தாசலம் பக்கத்து நல்லூர்க்காரன். அப்பா பீங்கான் சூளையில் கூலி. ‘கட்-ஆஃப் எவ்ளோ ப்ரோ?’ என்று ஆபீஸில் யாராவது கேட்டால், கேட்பது மார்க்கை இல்லை என்று தெரியும். வயிறு சுருங்கும்.

‘க்ரீப்’ பொருந்தாதவனின் அழுகை. ‘கோட்டா’வோ, பொருத்தம் பார்க்கிற அளவுகோல் யாரோடதுன்னு யோசிக்க வைத்தது. சென்னை மாகாணத்து வழக்கு ஒன்றுக்குப் பிறகு, 1951இல் அரசமைப்புச் சட்டத்தையே திருத்தி உறுதியான உரிமை என் சீட். யாரும் போட்ட பிச்சை இல்லை.

தன்னை ஏற்பது என்றால் கண்ணாடி முன்னால் நின்று தன்னையே மெச்சிக்கொள்வதல்ல. நமக்குச் சொந்தமில்லாத வெட்கத்தை, தந்தவரிடமே திருப்பிக் கொடுப்பது. அதுக்குக் கொஞ்சம் சத்தம் வேணும்.