பரீட்சைக்குப் பின் ஒரு பரீட்சை

பரீட்சை மண்டபத்தினின்றும் வெளியே வரும் மாணவன் முதற்கண் தேடுவது எதனை? தண்ணீரையன்று, நிழலையுமன்று. தன்னைப் போன்றே வினாத்தாளும் கையுமாக நிற்கும் இன்னொரு மாணவனையே தேடுகின்றான். "மூன்றாவதற்கு உனக்கு என்ன வந்தது?" என்ற கேள்வியுடன் இரண்டாவது பரீட்சை தொடங்கிவிடுகின்றது. அதற்கு மேற்பார்வையாளர் இல்லை; நேர வரையறை இல்லை; புள்ளியிடுவோரும் மாணவரே. கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, அந்த இரண்டாவது பரீட்சையில் நாம் தவறிய கதையை எழுதுவதே தக்கதெனத் தோன்றியது.

1942ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகம் முன்னாளில் தானே புகுமுகப் பரீட்சை நடத்தி மாணவரைத் தெரிந்தெடுத்தது. எமது காலத்தில் க. பொ. த. உயர்தரப் பரீட்சையே அவ்விடத்தைப் பெற்றிருந்தது. நான்கு பாடங்கள், பாடத்துக்கு நூறாக நானூறு புள்ளிகள். 1960களின் இறுதியில் நாம் அதற்குத் தோற்றினோம். எமக்கு வாய்த்த பரீட்சை நிலையம் ஹெவ்லொக் டவுனில் இருந்தது.

1890 முதல் 1895 வரை இந்நாட்டின் தேசாதிபதியாக இருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கிய வீதி அது. இன்று ஹெவ்லொக் சிற்றி என்னும் மாடிமனைகள் வானளாவ நிற்கும் இடத்தில் அன்று வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. வீதியோரத்துப் பெருமரங்கள் நடுப்பகலிலும் நிழல் பரப்பின. அத்தகைய மரமொன்றின் கீழே, பரீட்சை நிலையத்தின் மதிலோரத்திலேதான் எங்கள் நியாயசபை கூடியது. அறுவர் இருந்தோம், அறுவரும் வெள்ளவத்தைவாசிகள். கணக்கிற் சிறிது கைதேர்ந்தவர் என்ற பெயர் எமக்கு இருந்தமையால் நீதிபதி ஆசனம் கேளாமலே எமக்குக் கிடைத்தது. அதனை மறுக்கும் அடக்கம் அன்று எம்மிடம் இருக்கவில்லை.

அன்று தூய கணிதம் முடிந்திருந்தது. மறுநாட் காலை பிரயோக கணிதம். ஒவ்வொரு வினாவாக விடை ஒப்பிட்டுக்கொண்டு வந்தோம். சரியென்று கண்டபோது ஆரவாரம். பிழையென்று கண்டபோது நெற்றியில் அடித்துக்கொள்ளுதல். நீண்ட கணக்கொன்றின் இறுதிப் படியிலே ஒரு கோணத்தின் சைனையும் கோசைனையும் பெருக்கி வந்ததைத் தொகையிட வேண்டியிருந்தது. எமக்கு வந்த விடை சைன் வர்க்கத்திற் பாதி. நால்வர் தமக்கும் அதுவே வந்ததென்றனர். அறுவருள் அதிகம் பேசாத நண்பன் ஒருவன் மட்டும், தனக்குக் கோசைன் வர்க்கத்திற் பாதி, அதுவும் சயக் குறியோடு வந்ததாகத் தயங்கித் தயங்கிக் கூறினான்.

நாம் அவனது தாளை வாங்கிப் பார்த்தோமா? இல்லை. செய்த வழியைக் கேட்டோமா? அதுவும் இல்லை. "குறியும் பிழை, விடையும் பிழை; அந்தக் கணக்குப் போயிற்று" என்று தீர்ப்புக் கூறிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றோம். அவன் ஒன்றும் பேசவில்லை. வினாத்தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். சற்று நேரத்தில் நாங்கள் ஐவரும் தேநீர்க் கடைப் பக்கம் திரும்பினோம். அவன் டிக்மன் வீதி வழியாகக் காலி வீதியை நோக்கி நடந்தான். அவனை அழைத்தோமா என்பது எமக்கு நினைவில்லை. அழைத்திருந்தால் நினைவிருக்கும்.

அன்றிரவு பிரயோக கணிதப் புத்தகத்தைத் திறந்து வைத்தவாறு இருந்தபோது, காரணமின்றி அந்தத் தொகையீடு மனத்தில் வந்து நின்றது. கடதாசி ஒன்றை எடுத்து அவனது வழியிலே செய்து பார்த்தோம். அவனது விடையும் சரி! சைன் வர்க்கமும் கோசைன் வர்க்கமும் கூடினால் ஒன்று என்பது கீழ் வகுப்பிற் படித்த பாடம். ஆகவே எமது விடைக்கும் அவனது விடைக்கும் இடையேயுள்ள வேறுபாடு அரை என்னும் வெறும் எண்ணே. தொகையீட்டின் முடிவிலே சேர்க்க வேண்டிய மாறிலி அந்த வேறுபாட்டைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். எழுதும்போது அறுவரும் மாறிலியைச் சேர்த்தே எழுதியிருந்தோம். மதிலோரத்திற் பேசும்போதுதான் விட்டுவிட்டோம். ஆறுதலாக ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எங்களுள் எவரும் கண்டிருக்கக்கூடிய உண்மை அது.

அவனது வீடு எமது வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. மணி ஒன்பது கூட ஆகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை சென்றோம். வானம் இருண்டிருந்தது. நாளைக்குப் பரீட்சை இருக்கின்றதே என்று ஒரு மனம் கூறிற்று. காலையிற் சொல்லலாமே என்று அதே மனம் மீண்டும் கூறிற்று. உண்மையை எழுதுவதானால், எம்மைத் தடுத்தது மழையுமன்று, பரீட்சையுமன்று. "நான் சொன்னது பிழை" என்ற மூன்று சொற்களே. திரும்பி வந்து படுத்துக்கொண்டோம்.

மறுநாள் அவன் மணி அடித்த பின்னரே வந்தான். முகம் வாடியிருந்தது. இரவு முழுதும் உறங்கவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. நேரம் முடியுமுன்னரே தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து சென்றான். நாம் வெளியே வந்தபோது மதிலோரத்தில் அவன் இல்லை.

பெறுபேறுகள் வந்தன. எமக்கு இடம் கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஒரு மாலைதான் காரணம் என்று கூற நாம் துணியோம். அல்லவென்று கூறவும் துணியோம்.

எமது காலத்தை அடுத்து நிகழ்ந்தவற்றை இவ்வேட்டின் மூத்த வாசகர் அறிவர். 1970–71 அனுமதியின்போது, பேராதனைப் பொறியியற் பீடத்திற் சேர, தமிழ்மொழி மூலம் எழுதியோருக்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூலம் எழுதியோருக்கு 227 புள்ளிகளும் வேண்டப்பட்டன. பின்னர் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. 2001 முதல் இசட் புள்ளி வந்தது. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையிற் பழைய பாடத்திட்டத்தினரையும் புதிய பாடத்திட்டத்தினரையும் ஒன்றாகக் கணித்த முறை உயர் நீதிமன்றம் வரை சென்று, 2012இல் அதன் கட்டளைப்படி மீண்டும் கணிக்கப்பட்டது. மதிலோரத்தில் நின்று ஒவ்வொரு புள்ளியாக எண்ணிய மாணவர் எவரேனும் இவற்றை எண்ணியிருக்க முடியுமா? எங்கள் கூட்டலுக்குள் வராத மாறிலிகள் எத்தனையோ!

நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், பழைய மாணவர் ஒன்றுகூடலொன்றில் அந்த நண்பரைக் கண்டோம். அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, நல்ல பதவிக்கு உயர்ந்து, பேரப்பிள்ளைகளும் கண்டு நிறைவாக இருந்தார். விருந்து முடிந்தபின் அவரைத் தனியே அழைத்து, சைன் முதல் மாறிலி வரை முழுவதையும் ஒப்புவித்தோம். அவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டுச் சிரித்தார்.

"மச்சான், அந்தக் கணக்கு எனக்கு ஞாபகமே இல்லை. நீங்கள் எல்லாரும் தேத்தண்ணீர் குடிக்கப் போனதும், நான் தனியாக வெள்ளவத்தைப் பாலத்தைக் கடந்து போனதும்தான் ஞாபகம் இருக்கிறது."

நாற்பது ஆண்டுகளாக நாம் வருந்தியது ஒரு விடையைப் பற்றி. அவர் மனத்தில் நின்றதோ வேறொன்று. பிழையான தீர்ப்பைக் காட்டிலும், தீர்ப்புக் கூறியவன் உடன் நடந்து வராமையே பெரிது என்பதை அன்றுதான் அறிந்தோம்.

இன்றைய மாணவர்க்கு மதிலோரம் வேண்டியதில்லை. வீடு சேருமுன்னரே ஐம்பது பல்தேர்வு வினாக்களுக்கும் விடைகள் கைத்தொலைபேசிக்கு வந்துவிடுகின்றன. ஒப்பிடாதீர் என்று நாம் கூறப்போவதில்லை. கூறினாலும் கேட்பார் இல்லை. தம்பிமாரே, ஒப்பிடுங்கள். ஆயினும் விடை வேறானவனிடம் "எப்படிச் செய்தாய்?" என்று ஒரு கேள்வியை முதலிற் கேளுங்கள். பின்னர் வினாத்தாளை மடித்து வைத்துவிட்டு, அவனுடன் பாலம் வரையேனும் நடந்து செல்லுங்கள். அடுத்த பாடத்துக்கு அதனினும் சிறந்த ஆயத்தம் இல்லை.