கண்ணாடித் துண்டில் உருளும் தண்டு

2018 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் டால்பி நகரில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில், சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் ‘தக்‌ஷா’ அணி இரண்டாமிடம் பெற்றது. அணிக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார். பல ஆண்டுகளாக மாதிரி விமானங்களைப் பறக்கவிட்டு வருபவர் அவர். செய்திகளில் முன்னால் நின்றதும் அவர் பெயர்தான். மாத்தளையில் அதைப் படித்துவிட்டு ரிமோட் ஹெலிகொப்டர் வாங்கிய ஓர் இளைஞரின் கைகாட்டலில்தான் ஹெலிகொப்டர் திருத்தும் யட்டவத்த பாஸின் பட்டறை தெரியவந்தது.

மாத்தளை நகரிலிருந்து யட்டவத்த போகும் பாதையின் இரு பக்கமும் மிளகுக் கொடிகள். பட்டறை என்பது வீட்டின் முன் விறாந்தை. ரேடியோ திருத்துபவராகத் தொழிலைத் தொடங்கிய பாஸ், ரேடியோ குறைந்த பிறகு தொலைக்காட்சிக்கும், அதன்பின் கைப்பேசிக்கும் மாறியவர். வெளிநாட்டில் வேலை செய்து திரும்பியவர்கள் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த சின்ன ஹெலிகொப்டர்கள் உடைந்து உடைந்து அவர் மேசைக்கு வரத் தொடங்கின. திருத்தத் திருத்த அதுவும் ஒரு தொழிலாயிற்று.

அன்று மேசையில் இருந்தது முன்னங்கை நீள பிளேட் இரண்டு பூட்டிய, அந்த இளைஞரின் மின்சார ஹெலிகொப்டர். மண்ணில் விழுந்து, புது பிளேட் போட்டு, திரும்பவும் எழும்பியது. ஆனால் அந்தரத்தில் நிற்க மறுத்தது. உடல் நடுங்கியது, வால் இடமும் வலமும் வெட்டியது, முழு இயந்திரமும் ஒரு பக்கம் நழுவியது. வாலைப் பிடித்து நிறுத்தும் கைரோ பழுதாகிவிட்டது, புதிதாக மாற்ற வேண்டும் என்று விற்பனையாளர் சொல்லியிருந்தார்.

“கைரோவுல கைய வைக்காதீங்க தம்பி. மொதல்ல தண்டக் கழட்டுவோம்” என்றார் பாஸ்.

மேசை விளிம்பில் கிடந்தது ஒரு கண்ணாடித் துண்டு. பழைய அலுமாரிக் கதவிலிருந்து எடுத்து, ஓரங்களைத் தேய்த்து வைத்தது. இரண்டு பிளேட்டுகளையும் தாங்கும் குறுக்குத் தண்டைக் கழற்றி, துடைத்து, அதன்மேல் வைத்து விரலால் தள்ளினார். நேரான தண்டு கண்ணாடியில் ஒரே சீராக ஓடும். இது ஓரிடத்தில் ஏறி இறங்கியது. தண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்து மறைந்தது. வெறும் கண்ணுக்கு அது நேராகத்தான் இருந்தது.

இந்த அளவு ஹெலிகொப்டரின் சுழலி நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்றுச் சுற்றும். நடுவிலிருந்து பிளேட்டின் நுனிவரை 36 சென்ரிமீற்றர் என்றால், அந்த நுனி மணிக்கு 300 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் போகிறது. அதனால்தான் பாஸ் யாரையும் கிட்ட நிற்க விடுவதில்லை. அந்த வேகத்தில், தலைமுடி அளவு வளைவும் முழு உடலையும் உதறும். உதறல் கைரோவைக் குழப்புகிறது. குழம்பிய கைரோ வாலை வெட்டுகிறது. நோய் தலையில் இருக்க, அறிகுறி வாலில் தெரிகிறது. கைரோவை மாற்றியிருந்தால் பணம் போயிருக்கும், வால் வெட்டுவது நின்றிருக்காது.

மாற்றுத் தண்டு போட்ட பிறகு இரண்டு பிளேட்டையும் நிறுத்தார். பாரம் குறைந்ததில் ஒரு துண்டு டேப் ஒட்டினார். நுனிகளில் ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதற்கு மஞ்சள் டேப். சுற்றவிட்டு, தூரத்தில் கண்மட்டத்தில் குனிந்து பார்த்தால் இரண்டு நிறமும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். சிவப்பு மேலே ஓடியது. நிறுத்தி, அந்தப் பக்கத்து இணைப்புக் கம்பியை ஒரு சுற்றுத் திருகியதும் கோடுகள் ஒன்றாயின. பிறகு சுழலித் தலையைப் பிடித்து இயந்திரத்தைத் தொங்கவிட்டார். மூக்குத் தாழ்ந்தது. பற்றரியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியதும் உடல் மட்டத்துக்கு வந்தது. ரிமோட்டுக்குள் செய்த மாற்றங்கள் சில நிமிடங்களில் முடிந்தன.

பறக்கவிட்டது வீட்டு முற்றத்தில் அல்ல, சரிவுக்குக் கீழே இருந்த மைதானத்தில். தரைக்கு மிகக் கிட்ட ஹெலிகொப்டரைச் சோதிக்கக் கூடாது. கீழே தள்ளிய காற்று மண்ணில் மோதித் திரும்பி உடலைத் தூக்கி அலைக்கழிக்கும். சரிவில் அந்தக் காற்று ஒரு பக்கம் மட்டும் வழுகி ஓடுவதால், பழுதில்லாத இயந்திரமும் பழுதானதுபோல் ஆடும்.

நடுக்கம் நின்றது. வாலும் நின்றது. ஆனால் இயந்திரம் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்தே நின்றது. இளைஞர் அதையும் நேராக்கச் சொன்னார். பாஸ் மறுத்துவிட்டார். மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் பிளேட்டுகள் உடலை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். அதைத் தடுக்கும் வால் சுழலி, முழு இயந்திரத்தையும் இடப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு ஈடுகொடுக்கத்தான் இந்தச் சாய்வு. இது இயந்திரத்தின் இயல்பு.

பாஸின் வழியில் முன்பே நடந்தவர்கள் பெரியவர்கள். அமெரிக்காவின் ஆர்தர் யங் 1928இல் தொடங்கி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் சின்ன மாதிரிகளைச் செய்தும் உடைத்தும் பார்த்தார். பென்சில்வேனியாவில் ஒரு களஞ்சியம்தான் அவர் பட்டறை. சுழலியோடு சேர்ந்து சுற்றும் ஒரு சமநிலைக் கோலைப் பூட்டியதும் மாதிரி அந்தரத்தில் நின்றது. 1941இல் அதை பெல் நிறுவனத்துக்குப் பறக்கவிட்டுக் காட்டினார். அதிலிருந்து பிறந்த பெல் 47, 1946 மார்ச் 8 அன்று உலகில் முதன்முதலாகச் சிவில் சான்றிதழ் பெற்ற ஹெலிகொப்டர் ஆனது. ரேடியோவால் இயங்கும் மாதிரி ஹெலிகொப்டர்களில் முன்னோடி ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர். 1970இல் அவருடைய மாதிரி 11.5 கிலோமீற்றர் பறந்தது.

இன்று மூன்று அச்சுக் கைரோவும் சின்னக் கணினியும் அந்தக் கோலின் வேலையைச் செய்கின்றன. நான்கு சுழலி ட்ரோனை வாங்கியவருக்கு இணைப்புக் கம்பியைத் திருகும் தேவையே இல்லை. அதனால் கற்றுக்கொள்ள வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு ட்ரோன் அனுமதிகளைச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை நிறுத்தி வைத்தபோது, ஹெலிகொப்டர் வைத்திருந்தவர்களும் பயந்து பெட்டியில் பூட்டினார்கள். 2022இல் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாவரை ஏறியதும் உதிரிப்பாகம் எட்டாத பொருளாயிற்று.

அந்தக் கஷ்டத்துக்குள்ளும் இலாபம் தேடியவர்கள் இருக்கிறார்கள். தண்டு ஒன்று கேட்டால் தலையை முழுதாக வாங்கச் சொல்கிறார்கள். திருத்தத் தெரியாததை மறைக்க, இருப்பதில் விலை கூடிய பாகத்தைப் பழுதென்று காட்டுகிறார்கள். கைரோ விற்றால் கிடைக்கும் தரகு, தண்டு விற்றால் கிடைக்காது. வாங்கும் பிள்ளைகள் தங்களுக்குக் கை வரவில்லை என்று நம்பி விட்டுவிடுகிறார்கள். பொருளை விற்றவர் அதன் மிகச் சின்னத் தண்டையும் தனியாக விற்கக் கடமைப்பட்டவர். பழுதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் தெரியாது என்று சொல்ல வேண்டும்.

வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன்கள் பெருகி வருகின்றன. அவையும் விழும். அவற்றின் மோட்டர் தண்டும் வளையும், பிளேட்டும் பாரம் மாறும். கணினி கொஞ்ச நேரம் அந்த நடுக்கத்தை மறைக்கும், பிறகு பெயரிங் தேயும். அப்போது தேவைப்படுவது பாஸின் கை. பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் வேலை அனுபவத்தைப் பரீட்சித்தே தேசிய தொழிற்தகைமை வழங்கும் முறை இலங்கையில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பரீட்சைக்கு பாஸை அனுப்பி வைப்பதும், அவரிடம் இரண்டு மாத்தளைப் பிள்ளைகளைப் பயிலுநராகச் சேர்ப்பதும் புதிய சட்டம் எதுவும் கேட்காத வேலை. பிரதேச செயலகத்தில் ஒருவர் மனம் வைத்தால் இந்த வருடமே தொடங்கலாம்.