ஐந்தாவது ரூம் மேட்!

ஹாஸ்டல் சாப்பாடு வெறுத்துப்போய், தாம்பரத்துல நாலு பேரா வீடு எடுத்திருக்கோம். அட்வான்ஸ், தண்ணினு எல்லாம் விசாரிக்கிற நாம, கிச்சன்ல நிக்கிற ஐந்தாவது ரூம் மேட்டைக் கண்டுக்கறதே இல்லை. அதாங்க, கேஸ் சிலிண்டர்!

அதோட மேல்பட்டையில 'பி-27'னு இருந்தா, 2027 ஜூனுக்குள்ள மறுசோதனை செய்யணும்னு அர்த்தம். கெடு தாண்டினதை வாங்காதீங்க.

கேஸ், காற்றைவிடக் கனம். கசிஞ்சா தரையோட தேங்கும். பாய் விரிச்சுத் தூங்குற நமக்குத்தான் முதல் ஆபத்து! ராத்திரி வாடை வந்தா ஸ்விட்ச்சைப் போடவும் வேணாம், அணைக்கவும் வேணாம். சின்னப் பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எல்லாரையும் எழுப்பி வெளியே வந்து 1906-க்கு போன் பண்ணுங்க.

எங்க வீட்டுல படுக்குறதுக்கு முன்னாடி ரெகுலேட்டரை மூடுறது தினம் ஒருத்தர் முறை. பாத்திரம் கழுவுற முறைக்குச் சண்டை வரும். இதுக்கு வராது, மறந்தா நாலு பேருக்கும் விடியாதே!