ஐம்பது மைல்

“ரயிலுக்குப் போறவ காலையில தண்ணி குடிக்காத.”

கல்லூரியில் சேர்ந்த பதினேழு வயதிலிருந்து அம்மா வாசலில் நின்று எனக்குச் சொல்லும் வார்த்தை இது. டிக்கெட் எடுத்துக்கொண்டாயா, பத்திரமாகப் போ என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். அம்மாவுக்கு இதைச் சொன்னவள் ஆயா. ஆயாவுக்குச் சொன்னவள் அவளுடைய அம்மா. நான் பார்த்திராத அந்தக் கொள்ளுப்பாட்டி, கல்யாணமான புதிதில் வாலாஜா ரோட்டில் ரயிலேறி மெட்ராஸ் போயிருக்கிறாள். முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே பச்சைத் தண்ணீர் வாயில் படாமல் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போனாளாம். ஆயா இதை ஒரு சாமர்த்தியத்தைச் சொல்வதுபோலப் பெருமையாகச் சொல்வாள். எங்கள் வீட்டில் தாயிடமிருந்து மகளுக்கு வந்து சேர்ந்த நகை எதுவும் இல்லை. இந்தத் தாகம் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பாதைக்கு ஒரு சரித்திரம் உண்டு. தென்னிந்தியாவில் முதன்முதலாகப் பயணிகள் ரயில் ஓடியது இதில்தான். பம்பாயிலிருந்து தாணேவுக்கு 1853இல் வண்டி ஓடியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1856 ஜூலை 1 அன்று, மதராஸ் ரயில்வே கம்பெனியின் வண்டி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வந்தது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ராயபுரத்தில் அந்தப் பழைய நிலையம் தன் தூண்களோடு இன்றும் நிற்கிறது.

வாலாஜா ரோடு என்ற பெயரில் இருக்கும் ‘ரோடு’ சிறுவயதில் எனக்குப் புரிந்ததில்லை. ரயில் ஊருக்குள் வராத இடங்களுக்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். இந்த ஊருக்குப் போகும் சாலை இங்கே பிரிகிறது, இறங்கிக்கொள் என்று அர்த்தம். வாலாஜாபேட்டைக்காரர்களுக்கு ஸ்டேஷன் அம்மூர்ப் பக்கம். ஆணுக்கு அது சில மைல் நடை, அவ்வளவுதான். பெண்ணுக்கு அந்த ‘ரோடு’ இன்னொரு தனிப் பயணம். யார் கூட வருவார்கள், வண்டி கட்டுவார்களா, இருட்டுவதற்குள் வந்துவிடுமா என்று ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் அவள் கிளம்ப முடியும். ரயில் வந்ததும் பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள் என்று எழுதுகிறோமே, அந்த வாக்கியத்தில் இந்தச் சில மைல்கள் விடுபட்டுப் போகின்றன.

ரயிலுக்கு முன்னால் மாட்டு வண்டி. ஒரு நாளைக்கு இருபது மைல் போனால் அதிகம். மெட்ராஸுக்கு மூன்று நாளாவது ஆகும். வெயில், புழுதி, சத்திரம், திருட்டுப் பயம் எல்லாம் உண்டு. ஆனால் மாட்டு வண்டியில் ஒரு வசதி இருந்தது. ஏரிக்கரையோ புதரோ கண்ணில் பட்டால், “கொஞ்சம் நிறுத்தச் சொல்லு” என்று கூட வந்த பெரியம்மாவின் காதில் சொல்ல முடியும். கேட்பதற்குக் கூச்சம்தான். சொன்னால் வண்டி நிற்கும். ரயிலிடம் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. அது வாலாஜா ரோட்டு மிராசுதாரருக்கும் நிற்காது, அவர் மனைவிக்கும் நிற்காது. இந்தச் சமத்துவத்தைப் பலர் வியந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் எல்லாருக்கும் ஒரேபோல நிற்காத வண்டி, எல்லா உடம்பையும் ஒரேபோல வருத்துவதில்லை. வண்டி நின்ற இடத்தில் தண்டவாளத்தை ஒட்டி ஆண் ஒதுங்கிவிட்டு வரலாம். அவள் உட்கார வேண்டும். உட்கார மறைவு வேண்டும். மறைவைத் தேடிப் போனால் வண்டி போய்விடும்.

நான் படித்த படிப்பும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. பிரிதல் பாலை, இருத்தல் முல்லை என்று முப்பது வருடமாகப் படிக்கிறேன், பாடமும் எடுக்கிறேன். போகிறவன் அவன், காத்திருக்கிறவள் அவள். அவளும் கிளம்பிப் போவது உடன்போக்கில்தான். பாலை வழியில் நடந்து சிவந்த அவளுடைய பாதங்களை நம் புலவர்கள் எத்தனையோ விதமாகப் பாடியிருக்கிறார்கள். இடையில் அவள் எங்கே ஒதுங்கினாள் என்பது எந்தத் துறையிலும் வராது. வகுப்பில் ஒருமுறை இதைச் சொன்னபோது பையன்கள் சிரித்தார்கள். பெண்களில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்த ஒதுங்குமிடத்தை நான் கடைசியில் கண்டது ஒரு சட்டப் புத்தகத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணங்களைப் பற்றிய ஒரு பாடத்துக்காக 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதன் 64ஆம் பிரிவு, 1891 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு பயணிகள் வண்டியிலும் மிகக் கீழான வகுப்பில் ஒரு பெட்டியறையாவது பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும் என்கிறது. அடுத்த வரி இன்னும் ஆச்சரியம்: அந்த வண்டி ஓடப்போகும் தூரம் ஐம்பது மைலுக்கு மேல் என்றால், அப்படி ஒதுக்கிய அறை ஒன்றில் கழிப்பறை இருக்க வேண்டும். 119ஆம் பிரிவின்படி, பெண்களின் அறை என்று தெரிந்தே தக்க காரணமில்லாமல் அதில் ஏறும் ஆணுக்கு நூறு ரூபாய் வரை அபராதம். அந்தக் காலத்து நூறு ரூபாய்.

புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். ரயில் கழிப்பறையின் வரலாறு என்று நமக்குச் சொல்லப்படும் கதை வேறு. 1909இல் வங்காளத்தில் ஓகில் சந்திர சென் என்ற பயணி எழுதிய கடிதம் அது. பலாப்பழம் தின்ற வயிற்றோடு ஒதுங்கப் போனவர், கார்டு விசில் ஊதியதும் ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடிவந்து பிளாட்பாரத்தில் விழுந்தார். அந்தக் கடிதத்தால்தான் கீழ் வகுப்புகளுக்குக் கழிப்பறை வந்தது என்று எங்கும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே மூன்றாம் வகுப்புப் பெண்ணுக்காக நடைமுறைக்கு வந்துவிட்ட ஒரு சட்ட வரியை யாரும் கதையாகச் சொல்லவில்லை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பதாலோ என்னவோ.

அந்த வரியைக் கொண்டாடவும் முடியவில்லை. முதல் வண்டி ஓடியது 1856. சட்டம் நடைமுறைக்கு வந்தது 1891. இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகள் திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் வேண்டுதலுக்காகப் போனவர்கள், பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர்கள், கூலி வேலைக்குப் போனவர்கள் எல்லாம் அடக்கிக்கொண்டுதான் போயிருப்பார்கள். பிறகு, ஐம்பது மைல் என்பது என்ன கணக்கு? எண்பது கிலோமீட்டர். அதுவரை ஒரு பெண்ணால் பொறுத்துக்கொள்ள முடியும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். வயதானவள், கர்ப்பிணி, தூரமானவள், கைக்குழந்தைக்காரி என்ற வித்தியாசம் மைல் கணக்கில் வராது. அதிலும் அளக்கப்பட்டது வண்டியின் தூரம். ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்த ‘ரோடு’, வண்டிக்காகக் காத்திருந்த பொழுது, வண்டி நடுவழியில் நின்ற நேரம் எதுவும் அந்த ஐம்பதில் சேராது.

நூறு ஆண்டுகள் கழித்து வந்த 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவைத் தேடிப் படித்தேன். ஒரு பெட்டியறை, அல்லது நிர்வாகம் பொருத்தம் என்று கருதும் எண்ணிக்கையில் படுக்கைகளோ இருக்கைகளோ பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்று அது சொல்கிறது. மிகக் கீழான வகுப்பு என்ற குறிப்பு அதில் இல்லை. ஐம்பது மைல் வரியும் இல்லை.

சென்னையிலிருந்து அரக்கோணம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பழைய கணக்கில் நாற்பத்து மூன்று மைல், ஐம்பதுக்குள்தான். அந்தப் பாதையில் ஓடும் புறநகர் மின்ரயில்களில் பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு, கழிப்பறை கிடையாது. போய்ச் சேர இரண்டு மணி நேரம் பிடிக்கும். பதினோரு வருடம் அதில்தான் வேலைக்குப் போய்வந்தேன். அம்மாவின் வார்த்தையைத் தட்டாமல், விடிந்ததிலிருந்து வகுப்புக்குள் நுழையும்வரை தண்ணீர் குடிக்காமல் போவேன். சிறுநீர்த் தொற்று வந்தபோது டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, “தினம் ட்ரெயின்ல போறீங்களா?” என்பதுதான்.

ஏழாவது மாதத்தில் ஒருநாள் நடுவழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டியைப் போட்டு வைத்திருந்தார்கள். எக்ஸ்பிரஸ் ஒன்று தாண்டிப் போக வேண்டும். எனக்கு முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னாம்மா, அடக்கி வெச்சிங்கீறியா? புள்ளைக்கு ஆவாது, எறங்கு” என்றார். கழிப்பறை நடைமேடையின் மறுகோடியில் இருந்தது. அவ்வளவு தூரம் நடந்துவிட்டு வண்டியைப் பிடிக்க முடியாது. அவரும் கீரைக்காரப் பெண்கள் இரண்டு பேரும் என்னைக் கைத்தாங்கலாக இறக்கி, பெட்டியை ஒட்டியிருந்த முள்வேலி ஓரமாகக் கூட்டிப்போனார்கள். முந்தானையை விரித்துப் பிடித்து மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். “குந்து. வண்டி எங்களை வுட்டுட்டுப் போயிடுமா, பாத்துக்கலாம்.” போயிருந்தால் அவர்களுக்கு அன்றைய பூவும் கீரையும் வீண்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் பூக்காரம்மா தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. “வேணாம்மா, குடிச்சா மறுபடி வந்துடும்” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் மூடியைத் திருகினார். பாட்டிலைப் பையில் வைத்தார். “அதுவும் சரிதான்” என்றார். அதற்குப் பிறகு பெரம்பூர் வரை என்னிடம் பேசவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் பூவைத் தொடுத்துக்கொண்டே வந்தார். நான் சொன்னது உண்மையான காரணம்தான். ஆனால் அவர் காதில் விழுந்தது வேறு காரணம் என்று எனக்குத் தெரிந்தது. என்னைப்போல இருப்பவர்களிடம் பாட்டிலை நீட்டி, இப்படி நாசூக்கான பதில்களை அவர் எத்தனை முறை கேட்டிருப்பாரோ.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: “புண்ணியவதிங்க. நல்லவேளை, அந்தத் தண்ணிய வாங்கிக் குடிக்காம இருந்தியே. ஆயா சொன்னது அதுக்குந்தான்.”

அதுக்கும்தான். அந்த ‘உம்’ எனக்கு அன்றுவரை தெரியாது. கொள்ளுப்பாட்டியின் தாகத்தைப் பற்றி அதற்கு முன்பே ஒரு கவிதை எழுதியிருந்தேன். பாதி அவளுக்காக, பாதி எனக்காக அழுத கவிதை. அவள் தண்ணீர் குடிக்காததற்கு உடம்பு ஒரு காரணம் என்றால், பெண்கள் பெட்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் யார் என்பது இன்னொரு காரணம்.

கம்பெனிக்காரர்கள் பெட்டியைக் காசை வைத்துப் பிரித்தார்கள். மூன்றாம் வகுப்புக் காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே பலகையில் உட்கார வேண்டியிருந்தது. சட்டம் பெண்களுக்குத் தனியறை கொடுத்தபோது அந்த நெருக்கம் பெண்களுக்கும் வந்தது. தெருவில் விலகி நடந்தவர்கள் இங்கே தோளோடு தோள் இடித்தார்கள். பலகையில் நுழைய முடியாத சாதி தண்ணீரில் நுழைந்துகொண்டது, சோற்றில் நுழைந்துகொண்டது. ரயில் நிலையத்துச் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று இருந்ததை ஒழிக்கப் பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் போராட வேண்டியிருந்தது. 1941இல்தான் அது ஒழிந்தது. பிளாட்பாரத்தில் ஒழிந்தது எங்கள் வீட்டு வாசலில், ஒரு தாய் மகளுக்குச் சொல்லும் அக்கறையான வார்த்தைக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. உடம்பைப் பற்றிய எச்சரிக்கை என்று நினைத்து நானும் அதைப் பதினைந்து வருடம் சுமந்திருக்கிறேன்.

அந்தக் கவிதையை அடுத்த தொகுப்பில் சேர்க்கவில்லை.

இரண்டு காரணங்களையும் இப்போதெல்லாம் தனித்தனியாக வைத்துப் பார்க்க முயல்கிறேன். முதல் காரணம் ரயில் பெட்டியில் இருக்கிறது. அது மாற வேண்டும் என்று கேட்பேன், மனு எழுதுவேன். 1890ஆம் ஆண்டின் சட்டத்தில் இருந்த ஒன்றைத்தான் கேட்கிறேன் என்று பிரிவு எண்ணைப் போட்டே எழுதுகிறேன். இரண்டாவது காரணத்துக்கு மனு எழுத ஒரு முகவரியும் இல்லை. அது என் அம்மாவின் வாயிலும் என் தொண்டையிலும் இருக்கிறது.

பூக்காரம்மாவைப் பிறகு பல மாதம் அதே வண்டியில் பார்த்தேன். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய முதல் நாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டார். பெண் என்றேன். இரண்டு முழம் பூவை நறுக்கிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். “தண்ணி இருக்காம்மா?” என்று கேட்டேன். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். தூக்கி ஊற்றிக்கொள்ளாமல் வாய் வைத்துக் குடித்தேன். “மெதுவா, மெதுவா, பொரை ஏறிடப்போவுது” என்றார்.

திருவள்ளூர் தாண்டவில்லை, முட்டிக்கொண்டு வந்துவிட்டது. இறங்கும்வரை அடக்கிக்கொண்டுதான் போனேன்.